பழுது பார்த்தல்

இன்ஜின் படுத்துவிட்ட ஒரு காருக்கு ஒரே வாரத்தில் நான்கு விலை கேட்டேன். கம்பெனி சர்வீஸ் சென்டரில் புது இன்ஜின் மாற்றித்தர 2,15,000 ரூபாய். வெளி ஒர்க்ஷாப்பில் முழு இன்ஜின் வேலைக்கு 1,10,000. சென்னை புதுப்பேட்டையிலிருந்து பழைய இன்ஜின் ஒன்றை வரவழைத்துப் பூட்டினால் கூலியோடு 83,000. எதுவுமே செய்யாமல் இருக்கிற நிலையில் தள்ளிவிட்டால் 90,000 கைக்கு வரும் என்றார், பழைய கார் வாங்கி விற்கிற ஒருவர். வண்டி 2012ஆம் வருஷத்து டீசல் ஸ்விஃப்ட். 1,46,000 கிலோமீட்டர் ஓடியது. இன்ஜின் நன்றாக இருந்தால் இரண்டரை லட்சத்துக்குப் போகக்கூடியது.

கேட்ட எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்டார்கள்: இரண்டரை லட்ச ரூபாய் வண்டிக்கு இரண்டு லட்சம் செலவழிப்பார்களா?

நியாயமான கேள்விதான். இன்ஷூரன்ஸ்காரர்கள் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். விபத்தில் அடிபட்ட வண்டியைச் சரிசெய்ய ஆகும் செலவு, பாலிசியில் போட்டிருக்கும் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு என்று கணக்கை முடித்துவிடுவார்கள். அந்த மதிப்பும் வருஷா வருஷம் தேய்வது. முதல் ஆறு மாதத்திலேயே 5 சதவீதம் போகும், ஐந்தாவது வருஷத்தில் பாதி போயிருக்கும். அதற்குப் பிறகு கம்பெனியும் நாமும் பேசி ஒத்துக்கொள்கிற தொகைதான். விபத்து இல்லாமல் தானாகக் கெடுகிற இன்ஜினுக்கு வழக்கமான பாலிசி பைசா தராது. மெக்கானிக்கல் பிரேக்டவுன் என்று விலக்குகளில் எழுதியே இருக்கும். ஆக, அந்த 75 சதவீதத்துக்கும் எனக்கும் சம்பந்தமே கிடையாது. இருந்தும் ஊரில் எல்லோர் மனசிலும் ஓடிக்கொண்டிருந்தது அந்த விதிதான்.

எனக்கு இடித்தது பின்னத்தின் கீழே நிற்கிற எண். இரண்டரை லட்சம் என்பது, நாளைக்கு இந்த வண்டியை வாங்கப்போகிற முகம் தெரியாத ஒருவருக்கு அது எவ்வளவு பெறும் என்ற கணக்கு. எனக்கு எவ்வளவு பெறும் என்று ஒருவரும் கேட்கவில்லை. என் செலவை அவருடைய மதிப்பால் ஏன் வகுக்க வேண்டும்?

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 மே மாதம். சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகத்தில் வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தேன். சேலத்திலிருந்து தர்மபுரிக்கு வரும்போது தொப்பூர் கணவாய் ஏற்றம். லாரிகள் பிரேக் பிடிக்காமல் ஒன்றன்மேல் ஒன்று மோதுகிற செய்தியெல்லாம் எதிர்ப்பக்கத்து இறக்கத்திலிருந்து வருவது. ஏற்றத்தில் நடக்கிற விபத்து பேப்பரில் வராது. அங்கே இன்ஜின்கள் வேகும். பாதி ஏற்றத்தில் சூடு காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஓரம் கட்டி நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். பானெட்டைத் திறந்ததும் ஆவி. ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. அதற்குள் தண்ணீர் அழுத்தத்தில் கொதித்துக்கொண்டிருக்கும், திறந்தால் முகத்தில் அடிக்கும். ஒரு மணி நேரம் கழித்து டோயிங் வண்டி வந்தது. ஆயில் மூடியைத் திருகிப் பார்த்தபோது உள்பக்கம் மோர் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம்.

சர்வீஸ் சென்டரில் எஸ்டிமேட் போட்ட இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார்.

"வண்டி யார் பேர்ல இருக்குங்க மேடம்?"

"என் பேர்ல."

"சார் நம்பர் குடுங்க, அவர்கிட்ட எக்ஸ்பிளெயின் பண்ணிடறோம்."

என் நம்பரையே மறுபடி கொடுத்தேன். அவர் குழம்பிப்போய், அது ஏற்கெனவே இருக்கே மேடம் என்றார். ஆமாம் தம்பி, அதுக்கே பண்ணுங்க என்றேன். எக்ஸ்பிளெயின் பண்ண யாரும் கூப்பிடவில்லை. மறுநாள் வாட்ஸ்அப்பில் தொகை மட்டும் வந்தது. இன்ஜினை அவர்கள் கழற்றவில்லை. கழற்றிப் பார்க்கவே பன்னிரண்டாயிரம், மாற்றுவதாக இருந்தால் அது தேவையில்லை என்று ஒரு வரி.

கல்லூரி ஸ்டாஃப் ரூமில் விஷயம் தெரிந்ததும் வரவேண்டிய நகைச்சுவை வந்தது. வண்டியையும் மனைவியையும் எப்போது மாற்றுவது என்பது பற்றியது. இருபது வருஷமாக வெவ்வேறு வாயிலிருந்து கேட்கிறேன். பழைய மாடல், மைலேஜ், செகண்ட் ஹேண்ட் என்று வாகனத்தின் சொற்களெல்லாம் பெண்ணுடம்பின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. இதனால் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. வண்டியைப் பற்றிப் பேச்செடுக்கிற பெண் முதலில் இந்தச் சிரிப்பைக் கடக்க வேண்டும். "இதில் கம்ப்ரெஷன் எவ்வளவு?" என்று கேட்பதற்குள் பாதிப் பேர் பேச்சை விட்டுவிடுகிறோம். நமக்கு வண்டி ஓட்டக் கற்றுத்தருகிற டிரைவிங் ஸ்கூல்களும் ஸ்டியரிங்கோடு நிறுத்திக்கொள்கின்றன. பானெட்டைத் திறந்து இது ரேடியேட்டர், இது டிப் ஸ்டிக் என்று காட்டுவதில்லை.

அன்று இரவு நோட்டை எடுத்து என் கணக்கைப் போட்டேன்.

புது கார் என்றால், கையிலிருப்பது போக 6 லட்சம் கடன். 9 சதவீத வட்டிக்கு ஏழு வருஷம் கட்டினால் மாதம் சுமார் 9,650. கட்டி முடிக்கும்போது 8 லட்சத்துக்கு மேல் போயிருக்கும். அதுவும் இதே வண்டியின் புதுப் பதிப்பு கிடைக்காது. மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டது. இதன் இன்ஜின் ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி மல்டிஜெட். மாருதி, டாடா, ஃபியட் என்று பல கம்பெனி வண்டிகளில் ஓடியதால் இந்தியாவின் 'நேஷனல் இன்ஜின்' என்றே பெயர் வாங்கியது. உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக் எந்த ரோட்டிலும் இருப்பார். என் வண்டியின் ஆர்.சி. 2027 வரை செல்லும். தகுதிச் சோதனைக்குக் காட்டி 5,000 ரூபாய் கட்டினால் இன்னும் ஐந்து வருஷம் புதுப்பிக்கலாம். முழு இன்ஜின் வேலையே செய்தாலும், நான்கு வருஷம் மட்டும் ஓடும் என்று குறைத்து வைத்துக்கொண்டால்கூட, 1,10,000ஐ 48ஆல் வகுத்தால் மாதம் 2,300க்குள்தான் வருகிறது.

வண்டியே வேண்டாம் என்றும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பஸ் இருக்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. விடியல் பயணம் என்கிற இந்த ஒரு திட்டம் என் வகுப்புகளில் செய்த மாற்றத்தை நேரில் பார்க்கிறேன். பஸ் காசுக்கு அப்பாவிடம் கை நீட்டாமல் கல்லூரிக்கு வருகிற பிள்ளை வேறு மாதிரி நடக்கிறாள். ஆனால் பஸ்ஸுக்குக் கடைசி என்று ஒன்று உண்டு. இந்த மாவட்டத்தில் இலக்கியக் கூட்டங்களில் பெண்கள் எப்போது எழுந்து போகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? வாசிப்பு முடிந்ததும். விவாதம் தொடங்கும்போது நாற்காலிகள் காலியாகும். மைக்கில் இருப்பவர், பெண்கள் விவாதங்களில் கலந்துகொள்வதில்லை என்று வருத்தப்படுவார். அரூர் கடைசி பஸ், பென்னாகரம் கடைசி பஸ், பாலக்கோடு கடைசி பஸ் என்று அந்தப் பெண்களின் கையிலிருக்கிற டைம்டேபிள் அவருக்குத் தெரியாது. இந்த வண்டி வந்த பிறகுதான் நான் கூட்டங்களில் கடைசிவரை உட்கார்ந்து சண்டை போட ஆரம்பித்தேன். திரும்பும்போது மூன்று பேரை அவரவர் ஊரில் இறக்கிவிட்டு வருவேன்.

இன்னொரு இரவு. பத்தொன்பது வயது மாணவி, மறுநாள் நிச்சயம் செய்ய ஆள் வருகிறார்கள் என்று போன் செய்தாள். அவளுக்கு ஐந்தாவது செமஸ்டர் நடந்துகொண்டிருந்தது. ஊர் எதுவென்று எழுதமாட்டேன். மெயின் ரோட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே. அவளுடைய அத்தையே எங்களோடு வண்டியில் ஏறிக்கொண்டார். இருவரையும் சேலத்தில் அத்தையின் மகள் வீட்டில் விட்டுத் திரும்பியபோது விடிந்துவிட்டது. அவள் பரீட்சை எழுதினாள், டிகிரி வாங்கினாள். மறுவிற்பனை மதிப்பு என்கிற கட்டத்தில் இதை எந்த வரியில் எழுதுவது?

மூன்றாவது நாள் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் நல்லம்பள்ளி பக்கம் ஒரு வெளி ஒர்க்ஷாப்பில் விட்டோம். முழு வேலைக்கு 1,10,000 என்று சொன்னவர் அவர்தான். சொல்லும்போதே, "அது மேக்ஸிமம்ங்க. பாக்காம எதுவும் சொல்ல முடியாது" என்று சேர்த்துச் சொன்னார். தமிழில் இதற்குப் பழுது பார்ப்பது என்றுதான் பெயர். பழுது நீக்குவது, திருத்துவது என்றெல்லாம் எழுத்தில் வரும், வாயில் வருவது பார்ப்பதுதான். பார்வைதான் பாதி வேலை என்று நம்முடைய மொழிக்குத் தெரிந்திருக்கிறது. 2,15,000 ரூபாய் எஸ்டிமேட்டில் இல்லாதது அந்தப் பார்வை.

ஒர்க்ஷாப்பின் பின்பக்க அறையில் மெக்கானிக்கின் மனைவி உட்கார்ந்திருந்தார். முப்பது வயதிருக்கும். முன்னால் கம்ப்யூட்டர், இரண்டு போன், மடியில் தூங்கும் குழந்தை. பாகம் ஆர்டர் செய்வது, சேலத்து லேத்துக்கு அனுப்புவது, பில், ஜி.எஸ்.டி. எல்லாம் அவர் கை. பெயர்ப்பலகையில் கணவர் பெயரும் மாமனார் பெயரும் இருந்தன. எனக்கு இன்ஜினைச் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஒரு பழைய ஹெட் கேஸ்கெட்டை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். நான்கு பெரிய வட்டங்கள், சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டைகள்.

"இந்த நாலு வட்டத்துலதாங்க மேடம் டீசல் எரியும். சின்ன ஓட்டையில ஒண்ணுல ஆயில் போவும், ஒண்ணுல தண்ணி போவும். மூணும் ஒண்ண ஒண்ணு பாக்கக்கூடாது. பாத்துச்சின்னா இந்த மோர்தான்."

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. கீழே பிளாக் வார்ப்பிரும்பு, மேலே ஹெட் அலுமினியம். சூடு ஏறினால் அலுமினியம் அதிகம் விரியும், எல்லை தாண்டினால் கோணிக்கொள்ளும். கோணினால் நடுவிலிருக்கும் கேஸ்கெட் விட்டுவிடும்.

கம்ப்ரெஷன் பார்த்தார்கள். ஒன்றும் நான்கும் நன்றாக இருந்தன, இரண்டும் மூன்றும் சரிந்திருந்தன. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் சேர்ந்து சரிந்தால் பெரும்பாலும் அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் போயிருக்கும், பிஸ்டன் தப்பித்திருக்க வாய்ப்புண்டு. ஹெட்டைக் கழற்றினார்கள். என்னை அழைத்து டார்ச் அடித்துக் காட்டினார் மெக்கானிக். சிலிண்டர் சுவரில் ஆயில் நிற்பதற்காகத் தயாரிக்கும்போதே இழுத்துவிடுகிற குறுக்குக் கோடுகள், ஒன்றே முக்கால் லட்சம் கிலோமீட்டரை நெருங்குகிற வண்டிகளில் பல நேரம் தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடுமாம். இதில் அப்படியே இருந்தன. ஹெட்டின் மேல் நேர்க்கோல் ஒன்றை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகிப் பார்த்தார். காகிதத்தைவிட மெல்லிய தகடு நடுவில் நுழைந்தது. அவ்வளவுதான் கோணல். சேலத்தில் ஃபேசிங் போட்டால் சரியாகிவிடும், விரிசல் இருக்கிறதா என்றும் அங்கேயே அழுத்தம் கொடுத்துப் பார்த்துவிடுவார்கள்.

அப்புறம் ரேடியேட்டர். அடித் தொட்டியைத் தட்டியதும் வெள்ளை வெள்ளையாகச் செதில் கொட்டியது. தர்மபுரியில் சமையலறை வைத்திருக்கிற எவருக்கும் அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில், கீசர் கம்பியில், பாத்ரூம் குழாய் வாயில் பார்க்கிற அதே படிவு. போர் தண்ணீர். இரண்டு வருஷமாக நான் வண்டியை சர்வீஸுக்கு விட்ட ஓர் இடத்தில் கூலன்ட் என்று பில் போட்டுவிட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். பில்கள் என்னிடம் இருக்கின்றன, செதில்களும் ஒரு கவரில் இருக்கின்றன. கூலன்ட் என்பது எத்திலீன் கிளைக்காலும் துரு தடுக்கும் ரசாயனங்களும் சேர்ந்தது, உப்பில்லாத காய்ச்சி வடித்த நீரில் கலந்து ஊற்ற வேண்டியது. கடின நீரை ஊற்றினால் அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் ஒவ்வொரு சூட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழல்களை அடைத்துவிடும். தட்டையான சாலையில் தெரியாது. தொப்பூர் ஏற்றத்தில் தெரியும்.

இந்த மாவட்டத்தின் நிலத்தடி நீரில் கால்சியத்தோடு ஃப்ளோரைடும் உண்டு. பாறை தருவது. கார் ரேடியேட்டரை அது அடைக்கவில்லை, மனிதர்களின் பல்லிலும் எலும்பிலும் போய் உட்கார்ந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தணிப்பு என்றிருக்கும். ஜப்பானியக் கடனுதவியில் கட்டி, 2013 மே மாதம் திறந்தார்கள். அதற்கு முன்னால் பிறந்து வளர்ந்த பெண்களை என் வகுப்பில் பல வருஷம் பார்த்திருக்கிறேன். சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகும். பெண் பார்க்க வருகிறவர்கள் பல்லைப் பார்ப்பார்கள். அதே தண்ணீரைக் குடித்து அதே பழுப்புப் பல்லோடு மாப்பிள்ளை எதிரே உட்கார்ந்திருப்பார். தண்ணீரைப் பற்றி அங்கே யாரும் பேசமாட்டார்கள், பெண்ணின் பல்லைப் பற்றித்தான் பேசுவார்கள். என் வண்டிக்கும் அதேதான் நடந்தது. வண்டி பழசு, டீசல் வண்டி அப்படித்தான், பெண்கள் ஓட்டினால் கியர் போடத் தெரியாது என்று எல்லாக் காரணமும் வந்தது. ரேடியேட்டரைத் திறந்து பார்க்கும்வரை தண்ணீரின் பேச்சு வரவில்லை.

சேலத்திலிருந்து ஹெட் வருவதற்காகக் காத்திருந்த நாளில் புறநானூற்றின் 95ஆம் பாட்டை நடத்திக்கொண்டிருந்தேன். திட்டமிட்டதில்லை, பாடத்திட்டத்தில் அந்த வாரம் அது. தகடூர் என்பது இந்த ஊரின் பழைய பெயர். தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, அவன் பெருமையாகக் காட்டிய படைக்கலச் சாலையைப் பார்த்துவிட்டுச் சொன்னது அது. உன் ஆயுதங்கள் அலங்காரத்தோடு நெய் பூசிக் காவலுக்குள் இருக்கின்றன, எங்கள் ஆளுடையவை முனை சிதைந்து எந்நேரமும் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பது சாரம். புகழ்வது போல் பழிப்பதற்கு உதாரணமாகச் சொல்லி அடுத்த பாட்டுக்குப் போய்விடுவோம். அன்று என்னால் போக முடியவில்லை. பட்டறையில் கிடப்பதை ஔவை குறையாகச் சொல்லவில்லை. ஒரு பொருள் எதற்காக இருக்கிறதோ அதற்குப் பயன்பட்டிருக்கிறது என்பதற்கு அவள் காட்டும் சாட்சியே அதுதான். இரண்டு அரசர்களுக்கு நடுவில் நின்று பேசிய ஒரு பெண், ஆயுதங்களைப் பட்டறைக் கணக்கை வைத்து மதிப்பிட்டிருக்கிறாள். என் பி.எச்டி. முழுக்கச் சங்க இலக்கியம்தான், இது எனக்குத் தட்டுப்பட ஒரு ஹெட் கேஸ்கெட் போக வேண்டியிருந்தது. பிள்ளைகளிடம் கேஸ்கெட் கதையையும் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "அப்ப தொண்டைமான் வண்டி ஷோரூம் பீஸா மேடம்?" என்றாள்.

புதுப்பேட்டை இன்ஜினைப் பற்றியும் சொல்ல வேண்டும். 83,000 என்பது ஆசை காட்டுகிற தொகை, வேலையும் இரண்டே நாளில் முடிந்துவிடும். ஆனால் ஆர்.சி.யில் இன்ஜின் நம்பர் இருக்கிறது. வேறு இன்ஜின் பூட்டினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கி நம்பரை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஒரு விபத்து நேர்ந்து ஆவணம் பார்க்கும்போது நாம்தான் பதில் சொல்லியாக வேண்டும். அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கு முறையான பில் வேண்டும். அதைத் தரமுடியுமா என்று கேட்டதற்கு மறுமுனையில் போன் கொஞ்ச நேரம் பேசவில்லை. மெக்கானிக்கின் மனைவி சொன்னதுதான் எனக்குப் போதுமானதாக இருந்தது: "அது யாரு வீட்டுத் தண்ணியக் குடிச்சதோங்க மேடம்."

அதன் பிறகு முடிவு செய்ய ஒன்றே ஒன்றுதான் மிச்சம். மேலே ஹெட் வேலை மட்டும் போதுமா, பிஸ்டன் ரிங், பேரிங் எல்லாம் சேர்த்து மாற்றிவிடலாமா? மெக்கானிக்குகள் இதில் இரண்டு கட்சி. மேலே புதுசாக்கி அழுத்தத்தை ஏற்றிவிட்டால் கீழே தேய்ந்த ரிங் தாங்காது, ஆறு மாதத்தில் ஆயில் குடிக்கும், திரும்பவும் பிரிக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. நன்றாக இருப்பதைத் தொடாதே என்பது இன்னொன்று. "இதுவரைக்கும் ஆயில் குடிச்சிருக்கா?" என்று கேட்டார். என் நோட்டைக் கொடுத்தேன். ஒவ்வொரு மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமையும் டிப் ஸ்டிக் பார்த்து, கிலோமீட்டரும் ஆயில் மட்டமும் எழுதியிருக்கிறேன். எட்டு வருஷத்துக் கணக்கு. பால் கணக்கு எழுதிப் பழகிய கை, இதையும் எழுதியது. ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் நடுவில் ஒருமுறைகூட ஆயில் ஊற்றியதில்லை என்று அதில் இருந்தது. மெக்கானிக் பக்கங்களைப் புரட்டிவிட்டு மனைவியிடம் நீட்டினார். அவர் கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டு, "கீழ தொடவேணாம்" என்றார். வேலை அங்கே முடிவானது.

பணத்துக்கு இரண்டு வளையல்களை வங்கியில் வைத்தேன். அப்போது நகை மதிப்பில் முக்கால் பங்குவரை தந்தார்கள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "தங்கத்த வச்சி இரும்ப வாங்கறியா?" என்றார். கூடிக்கொண்டே போகிற ஒன்றை வைத்துத் தேய்ந்துகொண்டே போகிற ஒன்றுக்குக் கொடுக்கிறேன் என்பது அவர் வாதம், கணக்குப்படி சரியான வாதம்தான். நான் அவருக்குப் பெர்த்தா பென்ஸ் கதையைச் சொன்னேன். காரைக் கண்டுபிடித்தவர் என்று நாம் படிக்கிற கார்ல் பென்ஸின் தொழிலுக்குத் தன் சீதனப் பணத்தைக் கல்யாணத்துக்கு முன்பே போட்டவர். அந்த வண்டியை வாங்க ஆள் வராமல் கிடந்தபோது, 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தன் அம்மா வீட்டுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு போனார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்து வாங்கினார். இன்ஜின் சூடாகாமல் இருக்க வழியெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார். அம்மா கதையைக் கேட்டுவிட்டு, "அம்மா வூட்டுக்குப் போறதுக்கா இத்தன பாடு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, எந்த வளையல் என்று கேட்டார்.

பில் 54,300 ரூபாய். ஹெட் ஃபேசிங், வால்வ் வேலை, சோதனை சேர்த்து 9,800. கேஸ்கெட் செட் 6,500. ஃபேசிங் போட்டதில் ஹெட் கொஞ்சம் குறைந்ததால் அதற்கு ஏற்பத் தடிமனான கேஸ்கெட். ஹெட் போல்ட்கள் ஒருமுறை முறுக்கினால் இழுபட்டுவிடும், பழையதைத் திரும்பப் போடக்கூடாது, அதற்கு 2,400. பிரித்ததோடு பிரித்ததாக டைமிங் செயின் செட் 8,700. புது ரேடியேட்டர் 6,200, தெர்மோஸ்டாட் 1,900, வாட்டர் பம்ப் 2,600, ஆயிலும் ஃபில்டரும் 3,400, கூலன்ட் 1,800. கூலி 11,000. நான்கு வருஷத்துக்கு வகுத்தால் மாதம் 1,131 ரூபாய். கழற்றிய பாகங்களை ஒரு சாக்கில் போட்டு டிக்கியில் வைத்திருந்தார்கள். இன்ஜின் நம்பர் மாறவில்லை, ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகும் வேலையில்லை.

ஆயிரம் கிலோமீட்டர் வரை விரட்டாமல் ஓட்டச் சொன்னார்கள். ஒரு மாதம் தேசிய நெடுஞ்சாலையில் இடது ஓரமாக அறுபதில் போனேன். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து, தாண்டும்போது யார் ஓட்டுவது என்று திரும்பிப் பார்த்து, பெண் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள். ஆயிரம் முடிந்ததும் ஆயில் மாற்றப் போனேன். மெக்கானிக் வெளியே போயிருந்தார். மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, வேலைப் பையனை டிரெயின் போல்ட்டைக் கழற்றச் சொல்லி, ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் பிடித்து வெயிலில் நீட்டினார். கறுப்பாக இருந்தது. மோர் இல்லை. என் நோட்டில் தேதியையும் கிலோமீட்டரையும் அவரே எழுதினார்.

இப்போது டிக்கியில் எப்போதும் கலந்து வைத்த கூலன்ட் கேன் ஒன்று இருக்கிறது. போன வாரம் வாட்டர் வாஷ் கடையில் பையன் ஹோஸைப் பிடித்துக்கொண்டே, "பானெட்டத் தொறங்க மேடம், ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்திடறேன், ஃப்ரீதான்" என்றான். வேண்டாம் தம்பி, வெளியே மட்டும் அடி என்றேன்.